வெயிலில் ஒரு திரை, இருட்டில் ஒரு திரை

சித்திரைத் தேரன்று காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதிகளில் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். வடம் பிடிக்க வந்தவர்களில் பலர் வெள்ளை வேட்டியில் இருப்பார்கள். கூட்டத்துக்கு நடுவே இடம்பிடித்த ஒளிப்பதிவாளர் கேமராவின் பக்கவாட்டுத் திரையைத் திறக்கிறார். திரையில் தேர் தெரிவதற்கு முன்னால் அவருடைய சட்டைதான் தெரிகிறது.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. உச்சி வெயிலின் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். அந்த வெயில் படும் வெள்ளைத் துணியின் பிரகாசம் 25,000 நிட் வரை போகும். கேமராத் திரையோ சில நூறு நிட்தான் தரும். திரைக் கண்ணாடி தன் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பினாலும், எதிரே நிற்கும் வெள்ளைச் சட்டையின் பிம்பம் 1,000 நிட்டுக்கு வந்துவிடுகிறது. திரையில் ஓடும் படத்தைவிட அதன் மேல் விழுந்த சட்டையின் பிம்பம் பிரகாசமாக இருக்கிறது. திருவிழா எடுக்கப் போகிறவர் கறுப்போ கருநீலமோ உடுத்திக்கொண்டு போவது நல்லது என்று முதலிலேயே சொல்லிவிடலாம். பைசா செலவில்லாத யோசனை இது.

திரை மங்கலாகத் தெரிந்தால் கை தானாக ஐரிஸை, அதாவது லென்ஸின் ஒளித் துவாரத்தை, திறக்கும். திரையில் படம் பளிச்சென்று ஆகிவிடும். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் வேட்டிகளெல்லாம் மடிப்பே தெரியாத வெள்ளைத் திட்டுகளாக இருக்கும், வானம் காகிதமாகியிருக்கும். தொழிலில் ‘பர்ன்’ என்பார்கள். பர்ன் ஆன இடத்தில் தகவலே பதிவாகியிருக்காது. எந்த எடிட்டராலும் அதை மீட்க முடியாது.

வைகுண்ட ஏகாதசியன்று இதே தவறு தலைகீழாக நடக்கும். விடியுமுன் இருட்டில் ரத்னாங்கி அணிந்து நம்பெருமாள் பரமபத வாசல் கடக்கும் காட்சியைத் தமிழ்நாடே நேரலையில் பார்க்கிறது. அந்த நேரத்தில் வீதியில் காத்திருக்கும் பக்தர்களைப் படமெடுப்பவரின் கண் இருட்டுக்குப் பழகியிருக்கும். மனிதக் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், பழகிவிட்டாலோ சின்ன வெளிச்சமும் பெரிதாகத் தெரியும். கேமராத் திரை அப்போது விளக்குப் போல ஜொலிக்கும். ‘வெளிச்சம் போதும், கொஞ்சம் குறைக்கலாம்’ என்று கை ஐரிஸை மூடும். காலையில் பார்த்தால் படம் ‘அண்டர்’. முகங்கள் இருட்டில் கரைந்திருக்கும், எடிட்டிங்கில் அவற்றை வெளிச்சமாக்கினால் நிழலெல்லாம் புள்ளிகள் ஊரும்.

வெயிலில் ஓவர், இருட்டில் அண்டர். கேமராத் திரையை மட்டும் நம்பி எடுத்த படங்களில் திரும்பத் திரும்ப வரும் கோளாறு இதுதான். திரையின் வேலை சட்டகத்தைக் காட்டுவது: யார் உள்ளே, யார் வெளியே, தலைக்கு மேல் எவ்வளவு இடம். வெளிச்சத்துக்கும் ஃபோகஸுக்கும் அது சாட்சி சொல்லும். தீர்ப்பு சொல்ல அதே கேமராவில் வேறு கருவிகள் இருக்கின்றன.

படச்சுருள் காலத்தில் இந்தச் சபலமே இல்லை. 1982-இல் வெளிவந்த ‘மூன்றாம் பிறை’க்கு ஒளிப்பதிவு செய்த பாலு மகேந்திரா போன்றவர்கள் வியூஃபைண்டரில் பார்த்தது லென்ஸ் வழியாக வந்த காட்சியை. படச்சுருளில் என்ன விழும் என்பதை லைட் மீட்டரும் அனுபவமும்தான் சொல்லின, லேபில் கழுவிய ரஷ் பிரதி வந்த பிறகுதான் கண்ணால் பார்க்க முடிந்தது. கண்ணை நம்ப வழியில்லாததால் அளந்தார்கள். இன்று படம் உடனே தெரிகிறது என்பதால் அளக்கும் பழக்கம் போய்விட்டது.

திரையைத் தயார் செய்வது

பெரும்பாலான வீடியோ கேமராக்களின் மெனுவில் கலர் பார் உண்டு. வண்ணப் பட்டைகளுக்குக் கீழே, கறுப்புப் பகுதியில் மூன்று மெல்லிய பட்டைகள் இருக்கும்: ஒன்று கறுப்பைவிடச் சற்றுக் கறுப்பு, ஒன்று சரியான கறுப்பு, ஒன்று கறுப்பைவிடச் சற்று வெளுப்பு. நிழலான இடத்தில் நின்று, திரைக்கு நேராகக் கண்ணை வைத்து, எல்.சி.டி. பிரைட்னஸைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மூன்றாவது பட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்து, மற்ற இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் அளவு சரி. சில கேமராக்களின் பாரில் இந்தப் பட்டைகள் இருக்காது. அவற்றில் பிரைட்னஸை நடுவில் வைத்துவிட்டு மேலே போகலாம்.

எல்.சி.டி. பிரைட்னஸ் பதிவாகும் படத்தைத் துளியும் மாற்றாது. திரை மங்கலாக இருக்கிறதே என்று பிரைட்னஸைக் கூட்டுவதில் தப்பில்லை, ஐரிஸைத் திறப்பதுதான் தப்பு. சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை தானே மாறும் வசதி இருந்தால் அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் நிழலிலிருந்து வெயிலுக்கு நகரும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட ஒரு நிலையான அளவு இல்லாமல் போகும். வெயிலுக்கு ஓர் அளவு, இருட்டுக்கு ஓர் அளவு என்று இரண்டை மட்டும் குறித்து வைத்துக்கொள்வது வசதி.

பார்க்கும் கோணமும் முக்கியம். சுவாமி புறப்பாட்டின்போது கூட்டத்துக்கு மேலே கேமராவை உயர்த்திப் பிடித்து, திரையைக் கீழே சாய்த்து அண்ணாந்து பார்ப்பவர்கள் அதிகம். மலிவான திரைகள் கோணம் மாறினால் வெளுக்கும் அல்லது கறுக்கும். அந்த நேரத்தில் திரையை வைத்து வெளிச்சத்தை முடிவு செய்யவே கூடாது.

வியூஃபைண்டர் உள்ள கேமரா என்றால் வெயிலில் அதுவே நல்ல துணை. ரப்பர் கப்பில் கண்ணைப் பதித்தால் வெளி வெளிச்சம் அடைபடும். ஆனால் முதலில் டையாப்டரைச் சரிசெய்ய வேண்டும், அதையும் படத்தைப் பார்த்துச் செய்யக் கூடாது. ஓரத்தில் வரும் எழுத்துகளும் எண்களும் கூர்மையாகத் தெரியும்வரை திருக வேண்டும். படத்தைப் பார்த்துத் திருகினால் லென்ஸின் ஃபோகஸ் பிழையைக் கண் சரிக்கட்டிவிடும். வியூஃபைண்டர் இல்லாதவர்கள் திரைக்கு ஒரு ஹுட் வாங்கலாம், அல்லது கறுப்பு அட்டையில் மூன்று பக்கம் மறைப்புச் செய்து ஒட்டலாம்.

எழுபது யாருடைய எண்?

ஜீப்ரா என்பது திரையில் ஓடும் சாய்வுக் கோடுகள். வீடியோ அளவில் கறுப்பு 0, வெள்ளை 100. ஜீப்ராவை 100-இல் வைத்தால், வெள்ளையின் உச்சிக்குப் போன இடத்தில் மட்டும் கோடு வரும். இந்தக் கோடுகள் திரைக்கு மட்டும்தான், பதிவில் வராது. வெயில் எவ்வளவு அடித்தாலும், கண் எவ்வளவு கூசினாலும், கோடு மாறாது. அதனால்தான் அதை நம்பலாம்.

பல கேமராக்களில் 70 என்று இன்னொரு ஜீப்ரா அளவு இருக்கும். முகத்துக்கு 70 என்று கையேடுகளும் சொல்லும். இந்த 70 வெளிறிய ஐரோப்பியத் தோலின் பளிச்சென்ற பகுதிக்கு வைத்த எண். திருச்சியின் பெரிய கடை வீதியில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் முகத்தை, ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் கோலம் போடும் பெண்ணின் முகத்தை 70-க்கு ஏற்றினால் அது அவர்களுடைய முகமாக இருக்காது. படச்சுருள் காலத்திலும் இதே கதை நடந்தது. கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. அந்தத் தோல் சரியாக வந்தால் அச்சு சரி என்று உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகள் நிறம் பார்த்தார்கள்.

கறுத்த முகத்துக்கு வெளிச்சம் படும் கன்னம் 50 முதல் 55 வரை, மாநிறத்துக்கு 55 முதல் 60 வரை, சிவந்த தோலுக்கு 65 பக்கம் வைத்தால் தோல் தோலாகத் தெரியும். ஜீப்ராவை 70-க்குக் கீழே இறக்க முடியாத கேமராக்கள் உண்டு. அவற்றில் ஒரு வழி: மூக்கு நுனியிலும் நெற்றி வியர்வை மினுக்கத்திலும் மட்டும் 70-இன் கோடு தட்டுப்பட வேண்டும், கன்னத்தில் வரக் கூடாது. திருச்சி வெயிலில் நெற்றி வியர்வைக்குப் பஞ்சமில்லை.

கல்யாண வீடியோக்களில் மணப்பெண்ணை வெளுப்பாகக் காட்டுவதற்காகவே ஒரு ஸ்டாப் (இரட்டிப்பு வெளிச்சம்) கூடுதலாகத் திறக்கும் வழக்கம் இருக்கிறது. அதைக் கைவிட வேண்டும். பெண் வீட்டார் ஆசைப்பட்டுச் சேர்த்த நகையும் பட்டின் ஜரிகையும் அந்த ஒரு ஸ்டாப்பில்தான் பர்ன் ஆகின்றன. பெண்ணின் முகமும் அவளை அறிந்தவர்களுக்கு அந்நியமாகிவிடுகிறது.

தங்கம், வைரம், விளக்குச் சுடர், காவிரி நீரில் தெறிக்கும் சூரியன் போன்றவற்றில் 100-இன் கோடு ஊசிமுனைப் புள்ளிகளாக வந்தால் விட்டுவிடலாம். மினுக்கம் என்றால் அப்படித்தான். புள்ளிகள் ஒன்றுகூடித் திட்டாகும்போதுதான் ஐரிஸை மூட வேண்டும்.

வெள்ளைக் கோபுரமும் கோயில் யானையும்

ஆட்டோ எக்ஸ்போஷர் எப்படி ஏமாறும் என்று தெரிந்துகொள்ள ஸ்ரீரங்கத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. கேமரா தன் முன்னால் உள்ளது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்ளும். விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பித் தரும் சாம்பல், வீடியோ அளவில் சுமார் 40. கிழக்கு வாசலின் வெள்ளைக் கோபுரம் சட்டகத்தை நிறைத்தால் கேமரா அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். கோபுரம் அழுக்கேறித் தெரியும், அடியில் நடக்கும் மனிதர்கள் கறுத்த உருவங்களாவார்கள். கோயில் யானை ஆண்டாள் சட்டகத்தை நிறைத்தால் எதிர்விளைவு: கறுத்த தோலைச் சாம்பலாக்கக் கேமரா திறந்துகொள்ளும், பக்கத்தில் நடக்கும் பாகனின் வெள்ளை வேட்டி பர்ன் ஆகும். இரண்டு இடத்திலும் செய்ய வேண்டியது ஒன்றே: மேனுவலுக்கு மாறி, முகத்துக்கு ஜீப்ரா பார்த்து வைத்து, அங்கேயே நிறுத்த வேண்டும். வெளிச்சம் மாறாதவரை சட்டகம் மாறினாலும் ஐரிஸ் மாறக் கூடாது.

ராஜகோபுரத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. 1987 மார்ச் 25-இல் குடமுழுக்குக் கண்ட, 13 நிலையும் 236 அடி உயரமும் கொண்ட இந்தக் கோபுரம் ஊரின் தெற்கு வாசலில் தெற்குப் பார்த்து நிற்கிறது. திருச்சி சுமார் 10.8 பாகை வட அட்சத்தில் இருப்பதால், மார்கழியில் சூரியன் நாள் முழுக்கத் தெற்கே சாய்ந்து போகும், கோபுரத்தின் முகப்பு காலை முதல் மாலை வரை ஒளி வாங்கும். ஏப்ரல் மூன்றாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நடுப்பகல் சூரியன் வடக்கே நகர்ந்துவிடுகிறது. அந்த மாதங்களில் தென்முகப்பு நிழலில் இருக்கும், அல்லது மேலிருந்து உரசி இறங்கும் வெளிச்சம் மட்டும் பெறும். பின்னால் வானம் கண்ணைப் பறிக்கும். ஆனி மாதத்தில் வீதியில் நின்று சுதைச் சிற்பங்களுக்கு வெளிச்சம் வைத்தால் வானம் முழுக்கக் கோடு ஓடும், வானத்துக்கு வைத்தால் கோபுரம் இருண்ட உருவமாகும். சிறிய சென்சார் கேமராவால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. விடிந்த கையோடு வானம் மென்மையாக இருக்கும்போது எடுப்பது, அல்லது மார்கழிக்குக் காத்திருப்பது என்ற இரண்டு வழிகள்தான் உண்டு.

சித்திரை முதல் வாரத்தில் திருச்சியில் நடுப்பகல் 12.15 வாக்கில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். அப்போது எடுக்கும் முகத்தில் நெற்றி எரியும், கண் இரண்டும் குழியாகும். ஜீப்ரா சரியாக இருந்தாலும் படம் சரியாக இராது. பேட்டி எடுப்பவர் ஆளை ஒரு கடையின் பந்தல் நிழலுக்கு அழைத்துச் செல்வதே மேல்.

வெயிலில் ஐரிஸை எஃப்11-க்கு மேல் மூடினால் சிறிய சென்சாரில் படத்தின் கூர்மையே குறையும். அதற்கு முன்பே வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரைப் போட்டுவிட வேண்டும். 1/4 என்றால் இரண்டு ஸ்டாப், 1/16 என்றால் நான்கு, 1/64 என்றால் ஆறு. மண்டபத்துக்குள் வந்ததும் அதை எடுக்க மறக்கக் கூடாது. மறந்தால் ஆட்டோ கெய்ன் ஏறிக்கொண்டே போகும் (ஒவ்வொரு 6 டெசிபெல்லும் ஒரு ஸ்டாப்). அதனால் வரும் புள்ளிகள் சின்னத் திரையில் தெரியவே தெரியாது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல் விளக்கும் எல்.ஈ.டி. தோரணமும் இருக்கும் இடத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைக்க வேண்டும். 1/60-இல் வரும் லேசான துடிப்பையும் இந்தத் திரை காட்டாது.

ஜீப்ராவுக்கும் பிடிபடாத ஒரு பர்ன் இருக்கிறது: சிவப்பு. ஜீப்ரா பார்ப்பது மொத்தப் பிரகாசத்தை. ஹெச்.டி. வீடியோவில் அந்தக் கணக்கில் பச்சையின் பங்கு 72 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, சிவப்பு 21, நீலம் வெறும் 7. கல்யாண மண்டபத்தில் சிவப்பு எல்.ஈ.டி. விளக்கு அரக்குப் பட்டின் மேல் விழும்போது சிவப்புச் சேனல் உச்சியில் முட்டி நிற்கும், ஜீப்ராவோ 25, 30 என்று சாதுவாக இருக்கும். வீட்டில் பார்த்தால் புடவை மடிப்பில்லாத சிவப்புப் பசையாகியிருக்கும். மேடை நாட்டியம் எடுப்பவர்களுக்கும் நீல விளக்கில் இதே தொல்லை. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் இருந்தால் அதைப் பார்க்கலாம். இல்லையென்றால் நிற விளக்கு எரியும்போது ஒரு ஸ்டாப் மூடி எடுப்பது பாதுகாப்பு. லைட்மேனிடம் நட்பாகப் பேசி முகூர்த்தத்துக்கு மட்டும் வெள்ளை விளக்குப் போடச் சொல்வது இன்னும் பாதுகாப்பு.

கூர்மை இருக்கிறதா?

பல கேமராக்களில் திரை 3.5 அங்குலம், சுமார் 15.6 லட்சம் புள்ளி. கேட்கப் பெரிதாக இருக்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று புள்ளி போனால் மிஞ்சுவது 960-க்கு 540. பதிவாகும் ஃபுல் ஹெச்.டி. படத்தில் இது கால் பங்கு, 4கே படத்தில் பதினாறில் ஒரு பங்கு. 4கே படத்தில் பதினைந்து பிக்சலைக் கழித்துவிட்டு ஒன்றை மட்டும் காட்டும் திரையில் எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும். ‘எடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது’ என்று எடிட்டிங் மேசையில் கேட்கும் புலம்பலுக்கு வேர் இங்கே இருக்கிறது.

ஆகவே முதல் வேலை, ஃபோகஸ் பெரிதாக்கும் பொத்தானை விரலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. பதிவு தொடங்குமுன் அழுத்தி, பேசுபவரின் கண் இமையைப் பார்த்து வைத்துவிட்டு விடுவிக்க வேண்டும். லென்ஸ் கேமராவோடு சேர்ந்தே வரும் கேம்கார்டரில் பழைய முறையும் பலிக்கும்: கடைசிவரை ஜூம் செய்து கண்ணில் ஃபோகஸ் வைத்து, பிறகு அகலமாக்கலாம். மிரர்லெஸ் கேமராவில் மாட்டும் ஃபோட்டோ ஜூம் லென்ஸ்கள் பலவற்றில் இது பலிக்காது. ஜூம் மாறினால் ஃபோகஸும் நகர்ந்துவிடும்.

பீக்கிங் என்னும் வண்ண விளிம்புக் கோடு உதவும், ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. அது தேடுவது அடர்ந்த விளிம்பை. கோயிலுக்குள் சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைத் தூண்களைப் போல நுணுக்கமான செதுக்கல் இருந்தால் கல்லெல்லாம் கோடு பூத்துவிடும். கல்யாண மேடையில் ஜரிகைக் கரையும் மாலையின் ஜரிகை நாரும் முதலில் கோடு வாங்கும், மென்மையான கன்னம் வாங்காது. கழுத்து மாலை கூர்மையாகவும் கண் அவுட்டாகவும் வரும் படங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ஹோமப் புகை எழும்போது பீக்கிங் மறையும், ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். தாலி கட்டும் நிமிடத்துக்கு முன்னால் ஃபோகஸை மேனுவலில் பூட்டிவிடுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

சோனியின் பிடி-170 கேமரா கொண்டு கல்யாணம் எடுத்த தலைமுறைக்கு இவ்வளவு கவலை இருக்கவில்லை. அதன் வியூஃபைண்டர் கறுப்பு வெள்ளை, நிறம் கண்ணைக் குழப்பாததால் விளிம்பு பளிச்சென்று தெரியும். சென்சாரும் சிறியது. மூன்றில் ஓர் அங்குல சென்சாரில், ஆளிலிருந்து இரண்டு மீட்டரில், எஃப்1.8-இல் கூர்மை ஒரு மீட்டருக்கும் மேல் விரியும். அதே சட்டகத்தை ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸால் எஃப்1.8-இல் எடுத்தால் கூர்மையான ஆழம் சுமார் 17 சென்டிமீட்டர். மணமகன் குனிந்து முடிச்சுப் போடுவதற்குள் அந்த 17 சென்டிமீட்டரைத் தாண்டிவிடுவார். பின்னணி மங்குவது அழகுதான், ஆனால் சடங்குகளுக்கு எஃப்4 அல்லது 5.6 வைப்பதே புத்திசாலித்தனம்.

ஃபோகஸ் குற்றமே இல்லாத மங்கலும் இரண்டு உண்டு. கோடையில் காவிரி மணலாகக் கிடக்கும்போது அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து நீள லென்ஸில் மலைக்கோட்டையைப் பிடித்தால், மணலிலிருந்து எழும் கானலில் உச்சிப் பிள்ளையார் கோயில் நெளியும். எந்த ஃபோகஸும் அதைச் சரிசெய்யாது, விடியற்காலையில்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, ஏ.சி. மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் படியும் ஈரம். துடைத்தாலும் மீண்டும் படியும். கேமராவைப் பைக்குள்ளேயே மூடி வைத்து வெளிச்சூட்டுக்குப் பழகவிட்ட பிறகுதான் திறக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரே காலையில் பழகிப் பார்க்கலாம். கோயிலுக்குள் கருவறையைப் படமெடுக்க அனுமதி கிடையாது. தமிழ்நாட்டுக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கேமராவோடு உள்ளே போக நினைப்பவர் முன்கூட்டியே நிர்வாகத்தைக் கேட்டுவிட வேண்டும். பயிற்சிக்கு வீதியே போதும். நண்பர் ஒருவரை வெள்ளைச் சட்டையில் முதலில் வெயிலில், பிறகு திண்ணை நிழலில் நிறுத்தி, ஐரிஸை ஒவ்வொரு ஸ்டாப்பாக மாற்றி ஐந்து துண்டுகள் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஐரிஸ் எண்ணையும், கன்னத்தில் ஜீப்ரா எங்கே வந்தது என்பதையும் மைக்கில் கேட்கும்படி சொல்லுங்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்து, முகம் முகமாகத் தெரிந்த துண்டின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கேமராப் பையில் ஒட்டிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வைகுண்ட ஏகாதசி போன்ற இருட்டு வேளையில் திரையின் பிரைட்னஸைக் குறைத்துவிடுங்கள். உங்கள் கண்ணுக்கும் அது நல்லது, பின்னால் பெருமாளைப் பார்க்க இரவெல்லாம் காத்து நிற்பவருக்கும் திரை வெளிச்சம் குறுக்கே நிற்காது.